எஸ்.ஏ.டி. தேர்வை மறுமுறை எழுத வேண்டுமா? முதன்முறையாக இந்த முடிவை எடுக்கும் பெற்றோருக்கு

அமெரிக்கக் கல்லூரிகளில் இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், எஸ்.ஏ.டி. என்ற கல்லூரி நுழைவுத் தேர்வின் மதிப்பெண் வந்த அன்று இரவே “இன்னொரு தடவை எழுதிப் பார்த்தால் என்ன?” என்ற பேச்சு எழுந்துவிடும். அந்தக் கேள்விக்கு இடம் கொடுக்கும்படிதான் தேர்வும் அமைந்திருக்கிறது. எத்தனை முறை எழுதலாம் என்பதற்கு வரம்பு இல்லை. கல்வியாண்டில் ஆகஸ்டு முதல் ஜூன் வரை ஏழெட்டுத் தேதிகள் கிடைக்கின்றன. தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்கும் முறையும் 2016இலேயே கைவிடப்பட்டுவிட்டது. எழுதினால் என்ன குறைந்துவிடும் என்று தோன்றுவது இயல்புதான்.

குறையக்கூடியவை உண்டு. கட்டணம் அவற்றுள் மிகச் சிறியது. 11ஆம் வகுப்பின் இறுதியிலும் 12ஆம் வகுப்பின் தொடக்கத்திலும் ஒரு பிள்ளைக்கு இருக்கும் நேரம் எண்ணிப் பார்க்கக்கூடிய அளவுதான். அந்த நேரத்தைப் பள்ளிப் பாடங்களும், விண்ணப்பக் கட்டுரைகளும், தூக்கமும் ஏற்கெனவே பங்குபோட்டுக்கொண்டிருக்கின்றன. என் மூத்த மகனை மூன்று முறை எழுத வைத்தவள் நான். இளையவள் ஒரே முறையோடு நிறுத்திக்கொள்கிறேன் என்றபோது சரி என்று சொன்னவளும் நான்தான். இவற்றில் எது சரி, எது தவறு என்பது காலம் கடந்தே எனக்குப் புரிந்தது. மதிப்பெண் குறைவாக இருக்கிறது என்பது மட்டுமே மறுமுறை எழுதுவதற்குப் போதிய காரணம் ஆகாது. ஏன் குறைந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். அந்தக் காரணம் அடுத்த தேதிக்குள் மாறும் என்பதற்கு ஏதாவது அடையாளமும் இருக்க வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த இரண்டையும் கண்டுபிடிப்பதற்கானவை.

முதல் படி: அன்றிரவு முடிவெடுக்காதீர்கள்

மதிப்பெண் பொதுவாகத் தேர்வு முடிந்து இரண்டு வாரங்களில் இணையத்தில் வெளியாகிறது. அதைப் பார்த்த கையோடு அடுத்த தேதிக்குப் பதிவு செய்வதும், “இனி இந்தப் பேச்சே வேண்டாம்” என்று கதவைச் சாத்திக்கொள்வதும் ஒரே உணர்ச்சியின் இரு முகங்கள். இரண்டு மூன்று நாள் விட்டுவிடுங்கள். பதிவுக்கான கடைசி நாள் நெருங்கினால் மட்டும் அதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் தோழர்கள் வாங்கிய மதிப்பெண்ணை இந்த நாட்களில் விசாரிக்காமல் இருப்பது, பெற்றோர் செய்யக்கூடிய உதவிகளில் மிகவும் கடினமானதும் மிகவும் பயனுள்ளதும் ஆகும்.

இரண்டாம் படி: இந்த மதிப்பெண்ணை யார் கேட்கிறார்கள் என்று பாருங்கள்

பலர் இந்தப் படியைத் தாண்டிவிட்டு நேராகப் பயிற்சி வகுப்பைத் தேடிப் போகிறார்கள். பிள்ளை விண்ணப்பிக்க நினைக்கும் கல்லூரிகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றும் எஸ்.ஏ.டி. மதிப்பெண்ணை எப்படி நடத்துகிறது என்பதை அந்தந்தக் கல்லூரியின் சேர்க்கைப் பக்கத்திலேயே பார்த்துக் குறியுங்கள். கல்லூரிகள் மூன்று வகைப்படும்.

சில கல்லூரிகள் மதிப்பெண்ணைப் பார்ப்பதே இல்லை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் எல்லா இளநிலை வளாகங்களும், கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக அமைப்பும் இந்த வகை. நீங்கள் 1600 வாங்கி அனுப்பினாலும் சேர்க்கை முடிவில் அதற்கு இடம் இல்லை. பட்டியலில் உள்ளவை பெரும்பாலும் இவையே என்றால், இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவைத்துவிட்டுப் பிள்ளையின் பள்ளி மதிப்பெண்களையும் கட்டுரைகளையும் கவனிக்கலாம்.

இன்னும் சில கட்டாயம் கேட்கின்றன. பெருந்தொற்றுக் காலத்தில் பெரும்பாலான கல்லூரிகள் இந்த நிபந்தனையைத் தளர்த்தின, 2022இல் எம்.ஐ.டி. அதை மீண்டும் கொண்டுவந்தது. 2024இல் டார்ட்மத், யேல், பிரவுன், ஹார்வர்டு, கால்டெக் ஆகியவையும் அடுத்தடுத்துத் தேர்வு மதிப்பெண்ணுக்குத் திரும்புவதாக அறிவித்தன. யேல் மட்டும் ஏ.பி., ஐ.பி. எனும் உயர்நிலைப் பாடத் தேர்வுகளின் மதிப்பெண்களையும் மாற்றாக ஏற்கிறது. புளோரிடாவின் அரசுப் பல்கலைக்கழகங்களும் மதிப்பெண் கேட்பவையே. இவ்விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், மூன்றாண்டுக்கு முன் உறவினர் பிள்ளை விண்ணப்பித்த அனுபவத்தை நம்பி எதையும் குறிக்க வேண்டாம்.

எஞ்சியவை டெஸ்ட் ஆப்ஷனல் எனப்படும் விருப்பத் தேர்வு வகை: அனுப்பினால் பார்ப்பார்கள், அனுப்பாவிட்டால் அதற்காகக் குறைக்கமாட்டோம் என்பார்கள். இந்த வகைக்கு மறுமுறை எழுதும் கேள்வி சற்று வேறு வடிவம் எடுக்கிறது. இருக்கும் மதிப்பெண்ணை அனுப்பாமலே விடலாம் என்ற வழியும் திறந்திருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

உதவித்தொகையையும் இதே தாளில் சேருங்கள். சில மாநிலப் பல்கலைக்கழகங்கள் பள்ளி மதிப்பெண்ணையும் எஸ்.ஏ.டி. மதிப்பெண்ணையும் வைத்து ஒரு கட்ட அட்டவணையை வெளியிட்டு, அதன்படி தானாகவே உதவித்தொகை வழங்குகின்றன; அலபாமா பல்கலைக்கழகம் இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. அப்படியொரு அட்டவணையில் பிள்ளை அடுத்த கட்டத்துக்கு 20 மதிப்பெண் தொலைவில் நின்றால், அந்த 20க்கு நான்கு ஆண்டுக் கட்டணத்தில் தெளிவான பண மதிப்பு உண்டு. மறுமுறை எழுதுவதற்கு நான் கண்ட காரணங்களுள் மிகவும் உறுதியானது இதுதான்.

மூன்றாம் படி: எண்ணை அதற்குரிய இடத்தில் வைத்துப் பாருங்கள்

எஸ்.ஏ.டி. மொத்தம் 400 முதல் 1600 வரை அளக்கப்படுகிறது. வாசிப்பு-எழுத்துக்கு 800, கணிதத்துக்கு 800. அமெரிக்காவில் 2024ஆம் ஆண்டு பள்ளி முடித்த மாணவர்களின் சராசரி 1024. இதை அறியாமல் 1250 வாங்கிய பிள்ளையின் முன்னால் முகம் வாடி நிற்கும் பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுள் ஒருத்தியாக இருந்தும் இருக்கிறேன்.

ஆனால் சேர்க்கைக்கு நாட்டின் சராசரியைவிடக் குறிப்பிட்ட கல்லூரியின் நிலையே முக்கியம். பெரும்பாலான கல்லூரிகள் ஒவ்வோர் ஆண்டும் காமன் டேட்டா செட் என்ற பெயரில் ஒரே வடிவிலான புள்ளிவிவர அறிக்கையை வெளியிடுகின்றன. கல்லூரியின் பெயரோடு அந்தச் சொற்களைச் சேர்த்துத் தேடினால் கிடைத்துவிடும். அதில் சி9 என்ற பகுதியைத் திறந்தால், முந்தைய ஆண்டு சேர்ந்த மாணவர்களின் 25ஆம், 50ஆம், 75ஆம் சதமான மதிப்பெண்கள் பகுதிவாரியாகத் தரப்பட்டிருக்கும். 25ஆம் சதமானம் என்றால், நூற்றுக்கு 25 பேர் அதற்குக் கீழே வாங்கியவர்கள் என்று பொருள். சி7 என்ற பகுதியில் தேர்வு மதிப்பெண், பள்ளிப் பாடங்களின் கடினம், கட்டுரை, பரிந்துரைக் கடிதம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் அந்தக் கல்லூரி எவ்வளவு முக்கியத்துவம் தருகிறது என்று அதுவே சொல்லியிருக்கும். பிள்ளையின் மதிப்பெண் 25ஆம் சதமானத்துக்குக் கீழே இருந்தால் மறுமுறை எழுதுவதைப் பற்றித் தீவிரமாக யோசிக்கலாம். 25க்கும் 75க்கும் இடையே இருந்தால் பிற விஷயங்களைப் பொறுத்தது. 75க்கு மேலே இருந்தால், என் கருத்தில், அந்தக் கல்லூரிக்காக மீண்டும் எழுதத் தேவையில்லை.

இந்த எண்களை வாசிப்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. விருப்பத் தேர்வு வகைக் கல்லூரிகளில் மதிப்பெண் அனுப்பியவர்களின் கணக்கு மட்டுமே அந்தச் சதமானங்களில் இடம்பெறும். குறைவாக வாங்கியவர்கள் பெரும்பாலும் அனுப்பியிருக்கமாட்டார்கள். அதனால் எண்கள் உண்மையைவிட மேலே தூக்கிக் காட்டும். எத்தனை சதவீதத்தினர் அனுப்பினார்கள் என்பதும் அதே பகுதியில் இருப்பதால், அதையும் சேர்த்துப் பாருங்கள்.

நான்காம் படி: அளவுகோலின் தள்ளாட்டத்தைக் கழித்துவிடுங்கள்

ஒரே பிள்ளை ஒரே தயாரிப்போடு இரு வெவ்வேறு சனிக்கிழமைகளில் எழுதினால் மதிப்பெண் ஒன்றாக வராது. தேர்வை நடத்தும் காலேஜ் போர்டே தன் அறிக்கையில் மதிப்பெண்ணோடு ஒரு வீச்சையும் சேர்த்துக் காட்டுகிறது. மொத்த மதிப்பெண்ணில் அது மேலும் கீழுமாக ஏறத்தாழ 40. அதாவது 1370 என்று தாளில் வந்தால், 1330க்கும் 1410க்கும் இடையே எங்கோ பிள்ளையின் உண்மையான நிலை இருக்கிறது என்று பொருள் கொள்ளலாம்.

என் மகன் வாங்கியவை 1390, 1370, 1400. இடையில் நாங்கள் மாற்றியது ஒன்றுமில்லை; அதே புத்தகம், அதே ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி, “இந்தத் தடவை கவனமாக இரு” என்ற அதே அறிவுரை. 1400 வந்த அன்று வீட்டில் இனிப்புச் செய்தோம். இப்போது நினைத்தால், காய்ச்சல் இருக்கிறதா என்று ஒரே உடம்பை மூன்று முறை வெப்பமானி வைத்துப் பார்த்துவிட்டு, மூன்றாம் அளவுக்கு மகிழ்ந்திருக்கிறோம்.

1390க்கும் 1400க்கும் இடையே மனம் பெரிய சுவரை எழுப்பிக்கொள்கிறது. இது எங்களுக்கு மட்டும் உள்ள பலவீனம் இல்லை. அமெரிக்கப் பொருளியலாளர்கள் மூவர் 2020இல் வெளியிட்ட ஆய்வில், முழு நூறுக்குச் சற்றுக் கீழே மதிப்பெண் வந்த மாணவர்கள் அதைத் தொட்டவர்களைவிட அதிகமாக மறுமுறை எழுதுவதைக் கண்டார்கள். அதே ஆய்வு, அப்படி மறுமுறை எழுதியவர்களுக்குப் பயன் கிடைத்தது என்பதையும், முதல் முறை குறைவாக எடுத்தவர்களும் வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளும் நான்காண்டுக் கல்லூரிகளில் சேர்வதற்கு அது உதவியது என்பதையும் காட்டியது. ஆகவே ஒரு முறை மட்டும் எழுதிவிட்டு, இரண்டாம் முறையைப் பற்றி யோசிக்கவே செய்யாமல் விடுவது சிக்கனம் ஆகாது. முழு நூறைத் தொட வேண்டும் என்ற நமைச்சல் மட்டுமே தூண்டுகோலாக இருந்தால் அதை அடையாளம் கண்டுகொள்ளுங்கள் என்பதே நான் சொல்ல வருவது.

இங்கே சூப்பர் ஸ்கோர் என்ற ஏற்பாட்டையும் புரிந்துகொள்ள வேண்டும். பல கல்லூரிகள் வெவ்வேறு தேதிகளில் எழுதிய தேர்வுகளிலிருந்து ஒவ்வொரு பகுதியின் உயர்ந்த மதிப்பெண்ணை எடுத்துக் கூட்டிக்கொள்கின்றன, எம்.ஐ.டி.யும் இவ்வாறு செய்கிறது. முதல் முறை வாசிப்பு-எழுத்தில் 690, கணிதத்தில் 640 என்று 1330 வாங்கிய பிள்ளை, இரண்டாம் முறை 660, 710 என்று 1370 வாங்கினால், அந்தக் கல்லூரி கணக்கில் கொள்வது 690உம் 710உம் சேர்ந்த 1400. மேலே சொன்ன தள்ளாட்டத்தில் மேல்நோக்கிப் போனவை மட்டும் எடுத்துக்கொள்ளப்படுவதால், சூப்பர் ஸ்கோர் பார்க்கும் கல்லூரிகளுக்கு இரண்டாம் முறை எழுதுவது பெரும்பாலும் ஆதாயமே. ஒரு பகுதியில் மட்டும் பின்தங்கிய பிள்ளைக்கு அந்தப் பகுதியை மட்டுமே தயாரித்துக்கொண்டு போகும் வசதியும் கிடைக்கிறது.

ஐந்தாம் படி: ஏன் குறைந்தது?

இந்தப் படிக்கு ஒரு முழு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள். மற்றவற்றை அரை மணியில் முடித்துவிடலாம், இதை முடியாது.

முதலில் தேர்வின் அமைப்பை மனத்தில் கொள்ளுங்கள். அமெரிக்காவில் 2024 மார்ச் முதல் எஸ்.ஏ.டி. கணினியில், புளூபுக் என்ற செயலியில் நடக்கிறது. பிற நாடுகளில் ஓராண்டு முன்பே மாறிவிட்டது. வாசிப்பு-எழுத்தில் 27 கேள்விகள் கொண்ட இரண்டு மாட்யூல்கள் (தனித்தனி நேரம் கொண்ட கூறுகள்), ஒவ்வொன்றுக்கும் 32 நிமிடம். கணிதத்தில் 22 கேள்விகள் கொண்ட இரண்டு மாட்யூல்கள், ஒவ்வொன்றுக்கும் 35 நிமிடம். நடுவில் 10 நிமிட இடைவேளை. முதல் மாட்யூலில் பிள்ளை எப்படிச் செய்தது என்பதைப் பொறுத்து, இரண்டாவது மாட்யூல் கடினமானதாகவோ எளிதானதாகவோ வரும். எளிதான இரண்டாம் மாட்யூலுக்குப் போய்விட்டால், அதில் எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் அந்தப் பகுதியின் உச்ச மதிப்பெண்களை எட்ட முடியாது. ஆகவே முதல் மாட்யூலில் அவசரத்தில் நேர்ந்த நான்கு தவறுகள், இரண்டாம் மாட்யூலில் நேர்ந்த நான்கைவிட விலை கூடியவையாக அமையலாம். “ரெண்டாவது கணக்கு மாட்யூல் ரொம்ப ஈஸியா இருந்தது அம்மா” என்று பிள்ளை மகிழ்ச்சியோடு சொன்னால், அது நல்ல செய்தியாக இருக்க வேண்டும் என்பதில்லை.

மதிப்பெண் அறிக்கை எந்தெந்தக் கேள்வி தவறு என்று காட்டாது. எட்டு உட்பிரிவுகளில் பிள்ளை எந்த அளவில் நிற்கிறது என்பதைக் கட்டங்களாக மட்டும் காட்டும். கணிதத்தில் இயற்கணிதமும் மேல்நிலைக் கணிதமும் தலா ஏறத்தாழ 35 சதவீதம். தரவுப் பகுப்பாய்வும் வடிவியல்-முக்கோணவியலும் தலா ஏறத்தாழ 15 சதவீதம். வடிவியல் கட்டங்கள் காலியாக இருந்து இயற்கணிதக் கட்டங்கள் நிறைந்திருந்தால் இழப்பு சிறியது, திருத்துவதும் எளிது. இதற்கு நேர்மாறாக இருந்தால் சில வாரங்களில் சரிசெய்துவிட முடியாத அடிப்படைக் குறை இருக்கலாம்.

அறிக்கை சொல்லாததைப் பயிற்சித் தேர்வுகள் சொல்லும். புளூபுக் செயலியிலேயே காலேஜ் போர்டு தரும் முழுநீளப் பயிற்சித் தேர்வுகள் இலவசமாக இருக்கின்றன. உண்மைத் தேர்வுக்கு முன் பிள்ளை இவற்றில் என்ன மதிப்பெண் வாங்கியது என்பதை உண்மை மதிப்பெண்ணோடு ஒப்பிடுங்கள். பயிற்சியில் 1450 வாங்கிய பிள்ளை தேர்வு மண்டபத்தில் 1370 வாங்கியிருந்தால், இரண்டாம் முறை எழுதுவதற்கு வலுவான காரணம் இருக்கிறது. தூக்கமின்மை, பதற்றம், நேரத்தைக் கையாள்வது, மடிக்கணினிச் சிக்கல் என்று காரணம் தேர்வு நாளைச் சார்ந்ததாக இருக்கக்கூடும். ஆனால் அந்த 1450 எப்படி வந்தது என்று நேர்மையாகக் கேட்டுப் பாருங்கள்: ஒரே அமர்வில் எழுதியதா, நடுவில் கைப்பேசியைத் தொட்டதா, முன்பே பார்த்த கேள்விகளா? பயிற்சியிலும் தேர்விலும் ஒரே மதிப்பெண் வந்திருந்தால், தேர்வு பிள்ளையைச் சரியாகவே அளந்திருக்கிறது. படிப்பு மாறினாலொழிய மதிப்பெண் மாறாது. பயிற்சித் தேர்வே எழுதாமல் போன பிள்ளைக்கு இந்தக் கேள்விக்கே இன்னும் இடமில்லை. இரண்டு பயிற்சித் தேர்வுகளை எழுதச் சொல்லிவிட்டுப் பிறகு உட்காருங்கள். அப்படிப்பட்ட பிள்ளைகளே மறுமுறையில் அதிகம் ஏறுகிறார்கள் என்பது என் அனுபவம்.

அதன் பிறகு தவறுகளை வகைப்படுத்துங்கள். என் மகளோடு நான் செய்தது இதுதான்: கடைசி இரண்டு பயிற்சித் தேர்வுகளில் தவறிய கணக்குகளை அவள் ஒவ்வொன்றாக மீண்டும் போட்டாள், கடிகாரம் இல்லாமல். மொத்தம் 13. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு சொல் மட்டும் எழுத வேண்டும் என்பது ஒப்பந்தம்: தெரியாது, நேரமில்லை, அவசரம். “அவசரம்” என்று எட்டு இடங்களில் எழுதினாள். அவற்றில் ஐந்து ஒரே மாதிரியானவை. எக்ஸின் மதிப்பைக் கண்டுபிடித்துவிட்டு, கேள்வி 2எக்ஸ்+1 எவ்வளவு என்று கேட்டிருந்ததைப் பார்க்காமல் எக்ஸையே விடையாகக் குறித்திருந்தாள். கடைசி வரியை மறுபடி வாசிக்கும் பழக்கம் வந்தால் திருந்திவிடக்கூடிய தவறு அது. “தெரியாது” என்ற சொல் எட்டு இடங்களில் வந்திருந்தால் நாங்கள் பேசியிருக்க வேண்டியது வேறு பேச்சு. “நேரமில்லை” என்பது வந்தால், செயலிக்குள்ளேயே இருக்கும் டெஸ்மாஸ் வரைபடக் கால்குலேட்டரைப் பிள்ளைக்கு நன்றாகப் பயன்படுத்தத் தெரியுமா என்று பாருங்கள். கணிதப் பகுதி முழுவதும் அதற்கு அனுமதி உண்டு, பல சமன்பாடுகளைக் கையால் தீர்ப்பதைவிட அது விரைவானது.

நேரக் குறைவுக்குக் கற்றல் குறைபாடோ கவனக் குறைபாடோ காரணம் என்று ஏற்கெனவே மருத்துவரோ பள்ளியோ கண்டறிந்திருந்தால், கூடுதல் நேரத்துக்குக் காலேஜ் போர்டிடம் பள்ளியின் வழியாக விண்ணப்பிக்கலாம். ஒப்புதல் வர ஏழு வாரம் வரை ஆகலாம் என்பதால், மறுதேர்வின் தேதியை இதற்கேற்பத் தள்ளி வையுங்கள்.

ஆறாம் படி: எது மாறப்போகிறது என்று எழுதுங்கள்

காரணம் தெரிந்தபின், “இம்முறை நாங்கள் வேறாகச் செய்யப்போவது” என்று தொடங்கி இரண்டு வாக்கியங்கள் எழுதச் சொல்லுங்கள். “நன்றாகப் படிப்பேன்” என்பது கணக்கில் சேராது. “செவ்வாயும் வியாழனும் மாலை 7 முதல் 8 வரை இலக்கண நிறுத்தற்குறிக் கேள்விகள், இரண்டு சனிக்கிழமைக்கு ஒருமுறை முழுத் தேர்வு, காலை எட்டு மணிக்கு” என்பது சேரும். அப்படி எழுத ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், பதிவு செய்வதை நிறுத்திவைப்பதே நல்லது. கான் அகாடமியில் காலேஜ் போர்டோடு இணைந்து தரும் இலவசப் பாடங்கள் இருப்பதால், பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டுவதுதான் அந்த மாற்றத்தின் அடையாளமாக இருக்க வேண்டியதில்லை. ஒரு பயிற்சி மையத்தில் என் மகனின் அறிக்கையைத் திறந்துகூடப் பார்க்காமல் “150 ஏறும்” என்று சொன்னார்கள், பணம் கட்டினோம். ஏறியது எவ்வளவு என்பதை மேலேயே சொல்லிவிட்டேன்.

பிறகு நாட்காட்டியை எடுங்கள். முன்கூட்டிய சேர்க்கைக்கான கடைசி நாள் பெரும்பாலும் நவம்பர் 1 அல்லது 15. வழக்கமான சேர்க்கைக்கு ஜனவரியின் தொடக்கத்தை ஒட்டி இருக்கும். 11ஆம் வகுப்பு மார்ச்சில் முதல் முறை எழுதியவருக்கு மே, ஜூன், ஆகஸ்டு என்று வசதியான தேதிகள் உண்டு. மே மாதத்தில் ஏ.பி. தேர்வுகள் குவிவதால், இரண்டாம் முறைக்கு ஆகஸ்டையே நான் விரும்புவேன். கோடை விடுமுறை முழுவதும் தயாரிப்புக்குக் கிடைக்கிறது. முதல் முறையையே 12ஆம் வகுப்பின் அக்டோபரில் எழுதியவருக்கு இரண்டாம் முறை என்பது விண்ணப்பக் கட்டுரைகளின் நேரத்திலிருந்து பிடுங்கப்படுவதாகும். அங்கே 30 மதிப்பெண்ணுக்காகக் கட்டுரையைப் பலிகொடுப்பது நட்டக் கணக்கு.

குடும்ப வருமானம் குறைவாக இருந்தால், 11, 12ஆம் வகுப்புகளில் தகுதியுள்ள மாணவர்களுக்கு இரண்டு எஸ்.ஏ.டி. தேர்வுகளுக்குக் கட்டண விலக்கு உண்டு. பள்ளி ஆலோசகரிடம் கேளுங்கள்.

ஏழாம் படி: ஏ.சி.டி.யைப் பரிசீலியுங்கள்

மறுமுறை என்பது அதே தேர்வாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மதிப்பெண் கேட்கும் கல்லூரிகள் 1 முதல் 36 வரை அளக்கும் ஏ.சி.டி. என்ற இன்னொரு நுழைவுத் தேர்வையும் சமமாக ஏற்கின்றன; இரண்டுக்கும் இடையே ஒப்பீட்டு அட்டவணை உண்டு, அதன்படி ஏ.சி.டி. 30 என்பது எஸ்.ஏ.டி. 1370க்கு இணை. 2025 முதல் அத்தேர்வு குறுகிவிட்டது, அறிவியல் பகுதியும் விருப்பத்துக்குரியதாகிவிட்டது. ஒரு முழு மாதிரித் தேர்வைக் கடிகாரத்தோடு எழுதிப் பார்த்து, ஒப்பீட்டு அட்டவணையில் தெளிவாக மேலே வந்தால் மட்டும் மாறுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் தயாரிப்பது வீண் சுமை.

எட்டாம் படி: பிள்ளையோடு பேசுவது

இதைக் கடைசியில் வைத்தாலும், முடிவு இங்கேதான் நடக்கிறது. மேற்கண்ட தாளை, கல்லூரிகளும் சதமானங்களும் தவறுகளின் வகையும் எழுதிய அதே தாளை, மேசையில் வைத்துவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள். 17 வயதுப் பிள்ளைக்கு எண்களைப் படிக்கத் தெரியும். நான் என் மகளிடம் கேட்டது ஒன்றே ஒன்று: “நான் எதுவுமே சொல்லவில்லை என்றால் நீ என்ன செய்வாய்?”

அவள் சற்று நேரம் தாளையே பார்த்திருந்தாள். “எனக்கு வேண்டிய அஞ்சு காலேஜில் மூணு ஸ்கோரே கேட்கலை அம்மா. மத்த ரெண்டிலும் நடுவுக்கு மேலேதான் இருக்கேன். அந்த எக்ஸ் தப்பை இன்னொரு நாள் திருத்திக்கிறேனே” என்றாள். எட்டு இடங்களில் “அவசரம்” என்று எழுதியவள் அவள். எளிதில் ஏறியிருக்கக்கூடிய மதிப்பெண் அது என்று எனக்குத் தெரியும். கேட்பார் இல்லாத இடத்தில் ஏறி என்ன பயன் என்று அவள் கணக்குப் போட்டது சரியாகவே இருந்தது.

சில பிள்ளைகள் எழுதுகிறேன் என்பார்கள், ஆனால் உங்கள் முகத்துக்காகச் சொல்வார்கள். அப்படிச் சொன்ன வாரத்தில் ஒரு பயிற்சித் தேர்வுக்காவது தாமாக உட்காருகிறார்களா என்று பாருங்கள். அதுவே அவர்களின் உண்மையான பதில். தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, தேர்வுப் பேச்சை எடுத்தாலே ஒதுங்கிப் போகும் பிள்ளையிடம் மறுதேர்வைப் பற்றி இப்போது பேசவே வேண்டாம். பள்ளி ஆலோசகரையோ மருத்துவரையோ முதலில் பாருங்கள்.

எழுதுவது என்று முடிவானால், எத்தனை முறை என்பதையும் அன்றே பேசிவிடுங்கள். இரண்டு முறை பெரும்பாலோருக்குப் போதும். மூன்றாவதற்கு, இரண்டாவதில் தெரிந்த ஏற்றமும் இன்னும் மாறக்கூடிய ஒரு குறிப்பான காரணமும் இருக்க வேண்டும். 1500ஐத் தாண்டிய பிள்ளையை மேலும் 30க்காக அனுப்புவதில் எனக்கு நம்பிக்கையில்லை. அந்த வாரங்களை வேறு எதில் செலவிட்டாலும் விண்ணப்பம் கூடுதலாக வளரும்.

மதிப்பெண்ணை அனுப்பும்போது

ஸ்கோர் சாய்ஸ் என்ற ஏற்பாட்டின்படி, எந்தத் தேதியின் மதிப்பெண்ணை அனுப்புவது என்பதை மாணவரே தேர்ந்தெடுக்கலாம். ஒரு தேதியின் கணிதத்தை மட்டும் பிரித்து அனுப்ப இயலாது. அந்தத் தேதியின் இரு பகுதிகளும் சேர்ந்தே போகும். சூப்பர் ஸ்கோர் கணக்கிடும் கல்லூரிக்கு, உயர்ந்த பகுதிகள் எந்தெந்தத் தேதிகளில் வந்தனவோ அந்தத் தேதிகளை எல்லாம் அனுப்புங்கள். ஜார்ஜ்டவுன் போன்ற ஒரு சில கல்லூரிகள் எழுதிய எல்லாத் தேர்வுகளின் மதிப்பெண்ணையும் கேட்கின்றன. பட்டியலில் அப்படிப்பட்டது ஒன்று இருந்தால், தயாரிப்பில்லாமல் “சும்மா ஒரு தடவை” எழுதிப் பார்ப்பதைத் தவிர்க்க அதுவே காரணமாகட்டும்.

பதிவு செய்யும்போது நான்கு கல்லூரிகளுக்கு இலவசமாக மதிப்பெண் அனுப்பும் வசதியைத் தருகிறார்கள்; அதைப் பயன்படுத்தும் காலம் தேர்வு முடிந்து ஒன்பது நாட்களில் முடிந்துவிடும். அதாவது மதிப்பெண் என்னவென்று தெரியுமுன்பே அனுப்ப வேண்டியிருக்கும். மறுமுறை எழுதும் எண்ணம் சிறிதேனும் இருந்தால், முதல் தேர்வில் அந்தக் கட்டங்களை வெறுமையாக விட்டுவிட்டு, பின்னால் கட்டணம் செலுத்தியே அனுப்புங்கள். தேர்வு மோசமாகப் போனது என்று பிள்ளை கண் கலங்கி வந்து மதிப்பெண்ணையே ரத்து செய்யச் சொன்னால், அதற்குரிய கெடு பொதுவாக அடுத்த வியாழக்கிழமை நள்ளிரவுதான் என்றாலும், அவசரப்படாதீர்கள். ரத்து செய்ததை மீட்க முடியாது, பிள்ளைகள் நினைப்பதைவிடப் பெரும்பாலும் நன்றாகவே எழுதியிருப்பார்கள், ஒரு பகுதி மட்டும் நன்றாக வந்திருந்தாலும் சூப்பர் ஸ்கோரில் அது பயன்படும்.

இரண்டாம் முறை மதிப்பெண் வந்ததும் அந்தப் பழைய தாளை மறுபடி எடுங்கள். கல்லூரிகளுக்கு எதிரே புதிய எண்ணை எழுதி, யாருக்கு எந்தத் தேதி, யாருக்கு அனுப்பவே வேண்டாம் என்று குறித்து முடித்தபின், தேர்வுச் செயலியை மடிக்கணினியிலிருந்து நீக்கிவிடலாம்.